டெக்சஸில் ஓ.டி. லைசென்ஸ் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., அதாவது நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சை) லைசென்ஸை மத்திய அரசு தருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு வாரியம் வைத்திருக்கிறது, விதிகளும் மாறும். எல்லா மாநிலங்களையும் கலந்து சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் டெக்சஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எதற்குப் பின் எது என்ற வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. படிப்பு

அமெரிக்காவில் படிப்பவர்கள் சேரும் முன்பே அந்தப் படிப்புக்கு ஏகோட் (ஓ.டி. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி பெரிய பெயர் என்பது போதாது. முதுநிலை அல்லது முனைவர் பட்டம், அதோடு குறைந்தது 24 வாரம் இரண்டாம் நிலைக் களப்பயிற்சி (மேற்பார்வையில் நோயாளிகளிடம் நேரடியாக வேலை பழகுவது). அவ்வளவுதான்.

இந்தியாவில் பி.ஓ.டி. (ஓ.டி. இளநிலைப் பட்டம்) படித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு படி உண்டு. என்பிசிஓடி என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பு, ஓடிஇடி என்ற பெயரில் உங்கள் தகுதியைப் பரிசீலிக்கும். பாடத்திட்டம், களப்பயிற்சி, ஆங்கிலத் திறன் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கல்லூரியிலிருந்து ஆவணங்கள் வந்து சேரவே மாதக்கணக்கில் இழுக்கலாம். ஆகவே விசா, வேலை என்று யோசிப்பதற்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு தலைவலி பெயர். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். எந்தப் பெயர் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, எல்லா விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையிலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

2. தேசியத் தேர்வு

என்பிசிஓடி நடத்தும் ஓடிஆர் (பதிவு பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) தேர்வு 4 மணி நேரம். மதிப்பெண் 300-லிருந்து 600 வரை. 450 எடுத்தால் பாஸ். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தேர்வு எழுத அனுமதிக் கடிதம் வரும். அது 90 நாட்களுக்குத்தான் செல்லும், உடனே தேதி பிடித்துவிடுங்கள். தேறாவிட்டால் 30 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

பாஸ் ஆனதும் வேலையில் சேர்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. அது சான்றிதழ்தான், லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் கைக்கு வராமல் நோயாளியைப் பார்ப்பது சட்டவிரோதம், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

3. வாரியத்தில் விண்ணப்பம்

டெக்சஸ் ஆக்குபேஷனல் தெரபி தேர்வாளர் வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் மற்ற வேலைகளைக் கூடவே நகர்த்துங்கள்:

- மதிப்பெண் என்பிசிஓடி-யிலிருந்து நேராக வாரியத்துக்குப் போக வேண்டும். அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள். நீங்களே பிரதி எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.
- குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகை. வேறு வேலைக்காகப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ கொடுத்த ரேகை இதற்கு உதவாது. இந்த வாரியத்துக்கென்று உள்ள குறியீட்டுடன் புதிதாகக் கொடுக்க வேண்டும்.
- மாநிலச் சட்டத் தேர்வு. இணையத்தில் எழுதுவது. வாரியத் தளத்திலேயே சட்டமும் விதிகளும் கிடைக்கும், பதிவிறக்கிப் படியுங்கள். ஓ.டி. உதவியாளரை மேற்பார்வையிடுவது, நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு எழுதுவது பற்றிய பகுதிகளை நிதானமாகப் படித்தால் வேலையிலும் உதவும்.

தேசியத் தேர்வை முதல் முறை எழுதுபவர்களுக்குத் தற்காலிக லைசென்ஸ் ஒன்று உண்டு. மேற்பார்வையில் மட்டும் வேலை செய்யலாம், தேர்வில் தோற்றால் அது ரத்து. வேலை கொடுப்பவர் கேட்டால் ஒழிய இதற்கு மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

4. லைசென்ஸ் வந்த பிறகு

வாரியத் தளத்தில் உங்கள் பெயரைத் தேடி, லைசென்ஸ் நடப்பில் இருப்பதைப் பார்த்த பிறகே முதல் நாள் வேலைக்குப் போங்கள். அப்புறம் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அதற்கு 24 மணி நேரத் தொடர்கல்வி. மனிதக் கடத்தல் தடுப்புப் பயிற்சியும் கட்டாயம்.

என்பிசிஓடி சான்றிதழ் வேறு கணக்கு, அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை தனியாகப் புதுப்பிக்க வேண்டும். டெக்சஸில் அதைப் புதுப்பிக்காமல் விட்டாலும் லைசென்ஸ் இருக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் ஓடிஆர் என்று போடக்கூடாது, ஓடி என்று மட்டும்தான் போடலாம்.