அனிமேஷன் பாடல் காணொளியின் காட்சிப் பாணியை ஆராய்வது எப்படி

"வண்ணமயமாக இருந்தது, மனதைத் தொட்டது" என்பது ரசனை. பாணியை ஆராய்வது என்றால் அந்த உணர்வை உண்டாக்கியது எந்தக் கோடு, எந்த நிறம், எந்த அசைவு என்று காட்டுவது. அதற்கு முதல் கருவி எண்ணிக்கை.

முதல்முறை எதையும் குறிக்காமல் பாருங்கள். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு படத்தை மறைத்துப் பாட்டை மட்டும் கேளுங்கள். ஒலி இல்லாதபோதும் கண்ணை இழுத்த நொடிகளே ஆராய வேண்டியவை. முழுப் பாடலையும் பிரித்து மேயத் தேவையில்லை. பல்லவியில் 10 நொடி, சரணத்தில் 10 நொடி, முடிவில் 10 நொடி போதும்.

யூடியூபில் காணொளியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம், அதாவது காணொளியின் ஓர் அசையாப் படம், முன்னே போகும். காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். விஎல்சி என்ற காணொளி மென்பொருளில் முன்னே போக ஆங்கில 'இ' (E) விசை. பாத்திரம் கை வீசும் இடத்தில் 24 ஃப்ரேம் (நொடிக்கு 24 என்றால் ஒரு நொடி) நகர்த்தி, கை எத்தனை முறை இடம் மாறுகிறது என்று எண்ணுங்கள். 24 முறை மாறினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 12 என்றால் ஒவ்வொரு படமும் இரண்டு ஃப்ரேம் நிற்கிறது; கையால் வரைபவர்களின் வழக்கமான கணக்கு இது. 8 என்றால் வெட்டி வெட்டி நகரும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கேமரா நகரும் ஷாட்டில் பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறும். அதைக் கையின் அசைவோடு சேர்த்து எண்ணக் கூடாது. நொடிக்கு 24 ஃப்ரேமில் செய்ததை 30ஆக மாற்றி ஏற்றியிருந்தால் நான்கு ஃப்ரேமுக்கு ஒரு நகல் நுழைந்து கணக்கைக் கெடுக்கும். விஎல்சியின் கோடெக் தகவலில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாளம். மொரீஷியஸில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனென்றால் நம் காதில் தீவின் நாட்டுப்புற இசையான சேகாவும் இருக்கிறது. திரைப்பாட்டு பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். சேகா 6/8, அதாவது ரவான் என்ற தோல் மேளத்தைத் தட்டும்போது 'தகிட தகிட' என்று சொல்லிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தாள அடி என்று வைத்தால், நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம். நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 3 ஃப்ரேம், தகிடவாக, மூன்றாகப் பிரித்தால் 4. கட் எங்கே விழுகிறது, 'த'விலா, 'கி'யிலா? கால் தரையில் படுவது எந்த ஃப்ரேமில்? பெரிய அசைவு ரவானோடும், இலை, கூந்தல் போன்ற சிறு அசைவு மரவான் என்ற குலுக்கும் வாத்தியத்தின் சலசலப்போடும் போனால், வரைந்தவர் வாத்தியத்தைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார் என்று தயங்காமல் எழுதலாம். படம் ஒலிக்கு ஓரிரு ஃப்ரேம் முந்தியிருந்தால் பிழை என்று எண்ண வேண்டாம். அப்போதுதான் பொருந்துவதுபோல் தோன்றும் என்று வேண்டுமென்றே அப்படி வைப்பதுண்டு. புளூடூத் செவிக்கருவியில் ஒலி தாமதமாகலாம். கம்பிச் செவிக்கருவியே நம்பகமானது.

வாயசைவும் நல்ல சாட்சி. தமிழில் ப, ம வரும்போது உதடு ஒட்டியே ஆக வேண்டும். 'அம்மா' என்று பாடும் வாய் மூடவே இல்லையென்றால், வேறு மொழிக்கோ பொதுவாகவோ வரைந்த வாய்களைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கலாம்.

கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாத்திரம் அசையாமல் நிற்கும்போதும் கோடு நடுங்கினால், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மாற்றிக் காட்டுகிறார்கள். உடலின் எடை நிஜ மனிதருடையதாகவும் கோடு மட்டும் நடுங்குவதாகவும் இருந்தால், படமாக்கிய நடிப்பின் மேல் வரைந்த ரோட்டோஸ்கோப்பாக இருக்கலாம். 1985இல் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' பென்சில் காட்சிகள் இப்படி உருவானவை. மூட்டு மட்டும் மடங்கி, கை கால்களின் வடிவம் மாறாமலே இருந்தால் அது வெட்டியொட்டும் முறை.

நிறத்துக்கு ஆறு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் மங்கலாக்கி, ஒவ்வொன்றிலும் ஓங்கி நிற்கும் ஐந்து நிறங்களை எடுத்து வரிசையாக வையுங்கள். அதையே கறுப்பு வெள்ளையாக்கினால் ஒளியும் இருளும் எப்படிப் பிரிகின்றன என்று தெரியும். திரையின் இரவு வடிகட்டியை அணைக்க மறந்தால் நீலமெல்லாம் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும். 360p என்ற குறைந்த படத் தரத்தில் எடுத்தால் தாளின் சொரசொரப்பு காணாமல் போகும். நிறத்துக்குப் பொருள் சொல்லும்போது ஊரையும் பாருங்கள்: தைப்பூசக் காவடியில் இளஞ்சிவப்பு உடுத்திய கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைக்கு அந்த நிறம் காதலை மட்டும் சொல்லாது.

எழுதும்போது நேரம், செய்முறை, விளைவு மூன்றும் ஒரே மூச்சில் வரட்டும். "1:12இல் அதுவரை நொடிக்கு 12 ஆக இருந்த படங்கள் 8 ஆகக் குறைகின்றன, மேளம் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் பாட்டியின் நடை தடுமாறுகிறது" என்பதுபோல. விளைவைச் சொல்ல முடியாத கணக்கைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிடுங்கள்.