“நிமோனியா ஊசி இருக்காண்ணே?”

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு பேராவது என் மருந்துக்கடைக்கு வந்து இப்படிக் கேட்பார்கள். இருக்கு என்றோ இல்லை என்றோ நான் உடனே சொல்வதில்லை. “யாருக்கு?” என்பேன். ஆறு வாரக் கைக்குழந்தைக்கா, சுகர் உள்ள அப்பாவுக்கா, மண்ணீரலை எடுக்கப்போகிற தம்பிக்கா? ஆளைப் பொறுத்து ஊசியே மாறும். இருபது வருடமாகப் பார்த்ததில், இந்த ஊசி விஷயத்தில் நடக்கும் பாதிக் குழப்பம் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

நிமோனியா ஊசி என்று நாம் வாய்க்கு வசதியாகச் சொல்கிறோம். உண்மையில் அது நிமோகோக்கஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி. அந்தக் கிருமி நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. மூளையைச் சுற்றிய உறையைத் தாக்கினால் மூளைக்காய்ச்சல். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்குக் காதில் சீழ் வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதிலேயே நூறு வகைக்கு மேல் இருக்கின்றன. ஊசிகளோ அவற்றில் 10, 13, 20, 23 என்று சில வகைகளைத்தான் தடுக்கும். வைரஸால் வரும் நிமோனியாவுக்கும் காசநோய்க்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால், “ஊசிதான் போட்டாச்சே, இது சாதா சளியாத்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதை முதல் தவறாகச் சொல்வேன். குழந்தைக்கு மூச்சு வாங்கினால், அது அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால், விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், இதில் ஒன்று இருந்தாலே ஊசி போட்டதா இல்லையா என்று யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

இந்த ஊசியில் இரண்டு குடும்பங்கள் உண்டு. நிமோகோக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரையாலான ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும் (நீரிழிவுச் சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை). பழைய வகை ஊசியில் 23 வகைக் கிருமிகளின் போர்வைச் சர்க்கரை மட்டும் இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடம்பு அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. எனவே அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தயாரித்தார்கள். அதுதான் பிசிவி. எண் பெரிதாக இருக்கிறதே என்று பச்சிளம் குழந்தைக்கு 23 வகை ஊசியைக் கேட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு அரசு அட்டவணையிலேயே பிசிவி இலவசம். நாட்டில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையில் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று டோஸ். ஆறாவது வாரத்தில் இடது தொடையில் பென்டா (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), வலது தொடையில் பிசிவி, வலது மேல்கையில் சின்னதாகப் போலியோ ஊசி, இவை போக இரண்டு வகைச் சொட்டு மருந்துகள். பத்தாவது வாரம் போனால் ஒரே ஊசிதான். “போன தடவை மூணு போட்டாங்க, இப்ப ஒண்ணோட அனுப்பிட்டாங்க, நர்ஸம்மா மறந்துட்டாங்களோ?” என்று பதறி, தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுவந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மறக்கவில்லை. பத்தாவது வாரத்தில் அரசு அட்டவணையில் பிசிவி கிடையாது. தனியார் குழந்தை மருத்துவர்கள் வழக்கமாக 6, 10, 14 வாரங்களிலும், ஒரு வயது தாண்டியதும் பூஸ்டரும் போடுவார்கள். இரண்டும் சரியான அட்டவணைதான். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது அட்டையைக் காட்டாமல் இருப்பதுதான் பிரச்சினை.

“ஒரே நாள்ல மூணு ஊசியா? பிஞ்சு உடம்பு தாங்குமா?” என்று கேட்காத பாட்டி இல்லை. தாங்கும். ஒன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தால் அந்த வாரம் வராமலே போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு இடம் என்று வைத்திருப்பதால், வீக்கம் வந்தாலும் எந்த ஊசியால் வந்தது என்று தெரிந்துவிடும். லேசான சளி, மூக்கொழுகல் இருப்பதற்காகத் திரும்ப அழைத்துப் போக வேண்டாம். கடுமையான காய்ச்சல் என்றால் தள்ளிப்போடலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எடை ஏறட்டும் என்று காத்திருப்பதும் தவறு. உடல்நிலை சீராக இருந்தால் பிறந்த தேதியை வைத்தே கணக்கு. பார்க்கப்போனால் அந்தக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். தேதி தப்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு மையத்தில் முதல் டோஸ் மட்டும் ஒரு வயது முடிவதற்குள் விழுந்திருக்க வேண்டும்.

அடுத்தது பாராசிட்டமால். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எனக்குப் பயம் தருவது இதுதான். காய்ச்சல் வரும் முன்பே ‘சேஃப்டிக்கு’ ஒரு வேளை கொடுத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படி முன்கூட்டியே கொடுத்த குழந்தைகளிடம் எதிர்ப்பாற்றல் கொஞ்சம் குறைவாக உருவானதை 2009இல் செக் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. காய்ச்சல் வந்தபின் கொடுத்தால் போதும்.

அதைவிடப் பெரிய தவறு அளவு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் ஏறக்குறைய 125. ஐந்து கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் ஒரு வேளைக்கு 75 மில்லிகிராம். சிரப் என்றால் 3 மில்லி, சொட்டு என்றால் முக்கால் மில்லி. மூத்த பிள்ளைக்குச் சிரப் கொடுத்த ஞாபகத்தில் சொட்டு மருந்தை 3 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். இரண்டு பாட்டிலையும் மேசையில் அருகருகே வைத்துக் காட்டினால்தான் பலருக்குப் புரிகிறது. எத்தனை மில்லி என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த பாட்டிலில் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் தேய்ப்பது, மஞ்சள் பூசுவது எதுவும் வேண்டாம். சிவந்து, கொஞ்சம் வீங்கி, ஓரிரு நாள் சிணுங்கல் இருக்கும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ வலிப்பு வந்தாலோ காட்டிவிட வேண்டும். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. கடும் ஒவ்வாமை மிக அரிது, ஆனால் வந்தால் சில நிமிடங்களில் வரும், அதை முறிக்கும் அட்ரினலின் மருந்து கையருகே இருக்க வேண்டும். “நீங்களே போட்டுவிடுங்கண்ணே” என்பவர்களை நான் திருப்பி அனுப்புவது அதனால்தான். முந்தைய டோஸுக்கோ, டிப்தீரியா மருந்து சேர்ந்த ஊசிக்கோ அப்படிக் கடும் ஒவ்வாமை வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு முறை மாமனாருக்காக ஊசி வாங்கிப் போனவர், மறுநாள்தான் டாக்டர் வருவார் என்று ராத்திரி அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டார். “நல்லா கூலா இருக்கட்டும்னு வெச்சேன்” என்றார். உறைந்த பிசிவி கெட்டது கெட்டதுதான். அதில் இருக்கும் அலுமினிய உப்பு கட்டி தட்டிவிடும், உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அவருக்கு ஊசி போச்சு, பணமும் போச்சு. 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும், கதவில்கூட வேண்டாம். எடுத்துப்போகும்போது ஐஸ் நேராக ஊசியில் படக் கூடாது. அரசுக் குப்பிகளில் வட்டத்துக்குள் சதுரமாக ஓர் அடையாளம் இருக்கும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறி இருந்தால் வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். உறைந்ததா என்பதை அது சொல்லாது.

பெரியவர்களுக்கு அரசு அட்டவணையில் இடமில்லை, கைக்காசுதான். 65 வயதைத் தாண்டியவர்கள், சுகர், இதயம், சிறுநீரகம், ஈரல், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், விடாமல் புகைப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மண்ணீரலை எடுக்கும் அறுவைக்கு நாள் குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஊசி போடுபவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இவர்கள் செய்யும் தவறு, ஃப்ளூ ஊசியோடு இதைக் குழப்புவது. ஃப்ளூ ஊசி வருடாவருடம். நிமோகோக்கல் அப்படியில்லை. 20 வகை பிசிவி என்றால் ஒன்றே போதும். 13 அல்லது 15 வகை பிசிவி போட்டால் ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசி, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் எட்டு வாரத்திலேயே. முதலில் 23 வகை போட்டுவிட்டிருந்தால் பிசிவிக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். “நிமோனியா ஊசி போட்டேன்மா, எதுன்னு ஞாபகமில்ல” என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கை எவ்வளவு வலித்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. நான் பழைய பில்லைத் தேடச் சொன்னேன். மருந்து பில்லில் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றும் இருக்குமே. சாயங்காலம் பிளாஸ்டிக் கவரோடு திரும்ப வந்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் மடிந்து கிடந்தது அது. 23 வகை ஊசி, ஏழு மாதம் முந்தைய தேதி. டாக்டரிடம் போனில் கேட்டோம். அடுத்ததற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றார். பெரியவரின் பிபி சீட்டுக்குப் பின்னால் அந்த மாதத்தை எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.