ரத்தம் எடுத்துக்கொண்டே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

உடம்பில் இரும்பு தேங்கிப்போய், அதைக் குறைக்க வாரா வாரம் ரத்தம் எடுக்கிற சர்க்கரை நோயாளி, லேபில் 'மூணு மாச சுகர்' என்று சொல்கிற எச்.பி.ஏ.1சி-யை நம்பக் கூடாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அத்தனை நாளும் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. 450 மில்லி வெளியே போனதும் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அவசரமாக அனுப்பும். அவற்றில் சர்க்கரை ஏற நாளாகவில்லை. அதனால் சாப்பிட்டபின் விரலில் 220 காட்டுகிறவருக்கும் லேப் தாளில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதுபோல 6.3 வரலாம். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால் கண்ணும் சிறுநீரகமும் கெடும்.

வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கடந்த 2-3 வாரத்தின் சராசரி வேண்டுமென்றால் ஃபிரக்டோசமைன் சோதனை கேளுங்கள். ரத்தம் ரொம்பக் குறைந்தால் சில மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். சந்தேகம் வந்தால் லேபுக்கு நரம்பில் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் குத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆபத்து ரத்தம் எடுக்கிற அன்றைய காலைதான். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலை பஸ் பிடிக்கிறவர்கள், 'ரத்தம் எடுக்கத்தானே' என்று வெறும் வயிற்றோடு கிளம்புவதுண்டு. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு அப்படிப் போனால் வழியிலேயே சர்க்கரை இறங்கும். வெறும் வயிற்றுச் சோதனை இருந்தால் அதற்கு முதலில் ரத்தம் கொடுங்கள். பிறகு மருந்து போட்டு, புட்டும் பயறுமோ இட்லியோ சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் தண்ணீரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி பிரஷரைக் குறைக்கும் என்பதால், அதையும் பிரஷர் மாத்திரையையும் அன்று காலை போடலாமா என்று முந்தின முறையே கேட்டு வையுங்கள்.

ஊசியை எடுத்தபின் வியர்த்து, கண் இருட்டினால் அது ரத்தம் குறைந்த மயக்கமாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், உடனே விரலைக் குத்துங்கள். 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றாலும், ஆள் விழுங்குகிற நிலையில் இருந்தால், சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுவதே நல்லது. அன்றைக்குப் பைக் ஓட்டவோ ரப்பர் பால் சுமக்கவோ வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 11-க்குக் கீழே இருந்தால் அந்த வாரம் எடுக்காமல் விடுவதே வழக்கம். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவு 50-100-க்கு வந்தபின் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12-ஐயும் பார்க்க வேண்டும்; அது குறைந்தால் புது ரத்தம் சரியாக ஊறாது. இரும்பு இறங்க இறங்கச் சிலருக்கு இன்சுலின் தேவை குறையும், ஆகவே காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு தொடர்ந்து 90-க்குக் கீழே வந்தால் டோசைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் கணையம் ஏற்கெனவே கெட்டிருந்தால் சர்க்கரை நோய் முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். இரும்பைப் பயந்து முருங்கைக்கீரையையும் பயறையும் விட்டுவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் சோறுமாகத் தட்டை நிறைப்பார்கள், சர்க்கரை ஏறிவிடும். ஒரு தடவை ரத்தம் எடுத்தாலே 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. கீரையில் உடம்பு உறிஞ்சுவது அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. கீரையைச் சாப்பிடுங்கள், கூடவே பாலும் சீனியும் போடாத கட்டன் சாயா குடியுங்கள். அது இரும்பு ஏறுவதைக் குறைக்கும். விட வேண்டியது இரும்பு டானிக், வைட்டமின் சி மாத்திரை, சாராயம், கள். சத்து மாத்திரை வாங்கும்போது அட்டையில் 'ஃபெரஸ்' (இரும்பு) என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேண்டாம்.

வேகாத சிப்பி, மீன் கூடாது. காலில் புண்ணோடு கடல் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். இரும்பு மிகுந்த உடம்பில் கடலில் இருக்கிற விப்ரியோ என்ற கிருமி வேகமாகப் பெருகும், சர்க்கரைப் புண் அதற்கு வாசல்.

தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் சர்க்கரை டாக்டர், அந்தப் பக்கம் ரத்த டாக்டர் என்று பார்க்கிறவர்கள், விரல் அளவும் ரத்தம் எடுத்த தேதியும் ஒரே நோட்டில் எழுதி இருவரிடமும் காட்டுங்கள். எச்.பி.ஏ.1சி தாளின் மேலேயே கடைசியாக ரத்தம் எடுத்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.