டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: மாற்றும்போது செய்யும் தவறுகள்

பழைய அம்பாசடரிலும் ஜீப்பிலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவது நல்ல முடிவுதான். டைனமோ முழு வேகத்திலேயே 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும். ஐடிலிங்கில் அநேகமாக ஒன்றும் வராது. ஆனால் மாற்றியபின் சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே புது ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள். கோளாறு பெரும்பாலும் டைனமோ காலத்து வயரிங்கில்தான் இருக்கும்.

முதலில் எர்த் எது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு அப்போதே போய்விடும். அப்புறம் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய அந்தக் கட்அவுட் பாக்ஸ். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருந்தால் அந்தப் பாக்ஸுக்கு வேலையே இல்லை. பழைய மெல்லிய வயரையும் 30 ஆம்பியர் அம்மீட்டரையும் நம்பாமல், ஆல்டர்னேட்டரில் கரண்ட் வெளிவரும் பி பிளஸ் முனையிலிருந்து பேட்டரிக்குத் தடித்த வயரை நேராக இழுங்கள்.

பலரும் அலட்சியப்படுத்துவது டேஷ்போர்டின் சிவப்புச் சார்ஜிங் பல்பைத்தான். சாவியைத் திருப்பியதும் அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டாரில் காந்தத்தை உண்டாக்குகிறது. ஒரு ஜீப்பில் இரண்டு பேட்டரி மாற்றியும் தீராத தொல்லை. நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும்; ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் மறுநாள் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பல்பைக் கழற்றிப் பார்த்தபோது கண்ணாடி கருத்து, உள்ளே இழை அறுந்திருந்தது. புதுப் பல்பு போட்டதும் சரியாகிவிட்டது. அந்த இடத்தில் எல்இடி போட்டாலும் இதே தொல்லை வரும். 12 வோல்ட், 2 வாட் அளவுள்ள சாதாரண பல்பே போதும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டைனமோ அதைத் தாங்கியிருக்கலாம். ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் சட்டென்று எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். வண்டியில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

பெல்ட்டை இறுக்கும்போது ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்பில் கடப்பாரை கொடுத்து நெம்பாதீர்கள், விரிசல் விடும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி, இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். குறைவாக இருந்தால் ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எர்த் சரியில்லை என்று அர்த்தம். பெயிண்ட் அடித்த பிராக்கெட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு மறுபடி மீட்டரை வைத்துப் பாருங்கள்.