ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்கு: சர்வர் பக்க ரெண்டரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் குழுவில் சேர்பவர்களின் நிரலைப் படித்துத் திருத்தும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருக்கிறது. ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் உலாவிக்காக நன்றாகவே எழுதத் தெரிந்தவர்கள், அதே காம்பொனென்ட்களை (பக்கத்தின் பகுதிகளை உருவாக்கும் நிரல் துண்டுகளை) சர்வரில் ஓடவிட்டு ஹெச்டிஎம்எல்லை அங்கேயே உருவாக்கும்போது, அதாவது சர்வர் பக்க ரெண்டரிங்கில், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்கிறார்கள். சர்வரில், உலாவிக்கே உரிய விண்டோ என்ற பொருளே கிடையாது என்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை முதல் முறை ஓடவிட்டதுமே பிழைச் செய்தியாக வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் தராமல், நேரடிப் பயன்பாட்டுக்குச் சென்ற பிறகே வெளிப்படும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே ஸ்டோர்

உலாவியில் ஒரு மாட்யூலின் (நிரல் கோப்பின்) மேல்மட்டத்திலேயே ஸ்டோரை, அதாவது பக்கம் பயன்படுத்தும் தரவை வைத்திருக்கும் பொருளை, உருவாக்கி, வேண்டிய இடங்களில் இம்போர்ட் செய்துகொள்வதில் குற்றமில்லை. ஒவ்வொரு பயனரின் உலாவியும் அந்த மாட்யூலைத் தனியாக ஏற்றிக்கொள்கிறது. பக்கத்தை மூடினால் ஸ்டோரும் போய்விடுகிறது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓடவைக்கும் நோட்டில் அப்படியில்லை. மாட்யூல் ஒரு முறை ஏற்றப்பட்டால், அந்த ப்ராசஸ் உயிரோடிருக்கும் வரை அதே பொருள்தான் நினைவகத்தில் இருக்கும். யாரிடமிருந்து வரும் கோரிக்கையானாலும் அதைத்தான் தொடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாறிகள் புதிதாகப் பிறந்து, பதில் அனுப்பியதும் அழிந்துவிடும் வழக்கமான பிஹெச்பி முறையில் பழகியவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

என் கைக்கு இது வந்தது ஒரு கணக்குப் பக்கத்தில். பக்கத்தின் மேலே வேறொருவருடைய பெயரும் முகவரியும் தெரிகின்றன என்று ஒரு பயனர் எழுதியிருந்தார். நாங்கள் முதலில் செஷனைச் சந்தேகித்தோம், பிறகு தரவுத்தள வினவலை, அதன் பிறகு இடையிலிருந்த கேஷை. சர்வரை மறுதொடக்கம் செய்ததும் புகார் நின்றது. சரியாகிவிட்டது என்று நம்பினோம். பயனர்கள் பெருகியதும் அது திரும்ப வந்தது.

காரணம் ஸ்டோரில்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்டோர் அதற்கு முன் நெடுங்காலம் எந்தச் சிக்கலும் தராமல் ஓடியிருந்தது என்பதுதான் எங்களை ஏமாற்றியது. தொடக்கத்தில் என் நிரல் பயனரின் விவரத்தை ஸ்டோரில் எழுதி, அடுத்த வரியிலேயே, காம்பொனென்ட்களை ஹெச்டிஎம்எல் உரையாக்கும் ரெண்டர்டுஸ்ட்ரிங்கை அழைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில் ஓடுவதால், அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் வேறு எந்தக் கோரிக்கையும் நுழைய முடியாது. பின்னர் ஒரு நாள், பழைய ஆர்டர்களையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பதற்காக, அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில், ஆர்டர் விவரத்தைத் தரும் ஏபிஐயின் பதில் வரும் வரை காத்திருக்கும் ஓர் அவெய்ட்டைச் சேர்த்தேன். முதல் பயனரின் கோரிக்கை ஏபிஐயின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாம் பயனரின் கோரிக்கை வந்து அதே ஸ்டோரில் தன் பெயரை எழுதிவிட்டது. முதல் கோரிக்கை விழித்தெழுந்து ரெண்டர் செய்தபோது, ஸ்டோரில் இருந்தது இரண்டாமவரின் பெயர்.

திருத்தம் சில வரிகளில் முடிந்துவிட்டது. யாருடைய விவரத்தை யார் பார்த்தார்கள் என்பதை மட்டும் எங்களால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. பதிவேடுகளில் கோரிக்கையை அனுப்பியவர் யார் என்பது இருந்ததே தவிர, அவருக்குச் சென்ற ஹெச்டிஎம்எல்லில் எவருடைய தரவு இருந்தது என்பது இல்லை. அந்தக் காலத்தில் உள்நுழைந்திருந்த அத்தனை பேருக்கும் எழுத வேண்டியதாயிற்று.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது, இதைச் சுட்டிக்காட்டும்போது பலர் முன்வைக்கும் திருத்தம்: ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் ஸ்டோரைக் காலி செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். காலி செய்யும் அந்தக் கணத்தில் வேறு எத்தனை கோரிக்கைகள் அதே ஸ்டோரை நம்பிப் பாதி வழியில் காத்திருக்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வியூவின் ஆவணங்கள் கோரிக்கைகளுக்கிடையே நிலை கலந்துபோவது பற்றித் தனிப் பகுதியே ஒதுக்கியும், அது கண்ணில் படுவதில்லை.

ஸ்டோர் என்ற பெயரில் வந்தாலாவது அடையாளம் தெரியும்; வேறு உருவங்களில் வருவதுதான் கூடுதல் ஆபத்து. கோரிக்கைகளை அனுப்ப உதவும் ஆக்ஸியோஸ் நூலகத்தின் பொதுவான தலைப்புகளில் ஒரு பயனரின் டோக்கனை (அவரை அடையாளம் காட்டும் சான்றை) பொருத்திவிடுவது, மொழிபெயர்ப்பு நூலகத்தில் தற்போதைய மொழியை உலகளாவிய மாறியாக வைப்பது, தரவைச் சேமித்துவைக்கும் க்வெரி க்ளையன்ட்டை மேல்மட்டத்தில் உருவாக்குவது, பயனர் எண்ணைச் சாவியில் சேர்க்காமல் விடைகளை ஒரு மேப்பில் நினைவில் வைத்துக்கொள்வது ஆகிய நான்கும் இதே தவறுதான்.

சரியான வழி, ஸ்டோரையோ க்ளையன்ட்டையோ நேரடியாக ஏற்றுமதி செய்யாமல், அதை உருவாக்கித் தரும் ஒரு செயற்கூற்றை ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் அதை அழைத்துப் புதிய பொருளைப் பெற்று, கான்டெக்ஸ்ட் வழியாகக் காம்பொனென்ட்களுக்குக் கொடுப்பது. காம்பொனென்ட்களுக்கு வெளியே, ஆழத்தில் இருக்கும் நிரலுக்கும் அது எட்ட வேண்டுமானால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய தரவைத் தனித்தனியாக வைத்திருக்க உதவும், நோட் 16.4 முதல் நிலையான வசதியாக இருக்கும் ஏசிங்க்லோக்கல்ஸ்டோரேஜைப் பயன்படுத்தலாம். ஒரு சோதனையையும் கட்டாயம் எழுதுங்கள்: வெவ்வேறு குக்கிகளோடு இரண்டு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, முதலாவதன் ஏபிஐ பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, இரண்டாமவரின் பெயர் முதலாவது ஹெச்டிஎம்எல்லில் இல்லை என்று சரிபாருங்கள். தனியாக உட்கார்ந்து ஒரே கணக்கில் சோதிக்கும் வரை இந்தப் பிழை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சிடிஎன்

பக்கங்களின் நகலை வைத்துப் பலருக்கும் வழங்கும் இடைச் சர்வர்களான சிடிஎன், ஒருவருடைய பக்கத்தை இன்னொருவருக்குத் தந்துவிடக் கூடாது. உள்நுழைந்தவருக்கான ஹெச்டிஎம்எல்லுக்குக் கேஷ்-கண்ட்ரோல் தலைப்பில் பிரைவேட், நோ-ஸ்டோர் என்று இடுங்கள்; விதிவிலக்கு வேண்டாம்.

ஹைட்ரேஷன் எச்சரிக்கையை மூடிவைப்பது

சர்வர் அனுப்பிய ஹெச்டிஎம்எல்லோடு உலாவியிலுள்ள ரியாக்ட் தன்னை இணைத்துக்கொள்வதே ஹைட்ரேஷன். சர்வர் அனுப்பிய ஹெச்டிஎம்எல்லும் உலாவியில் முதலில் ரெண்டர் ஆவதும் ஒத்துப்போகாதபோது ரியாக்ட் எச்சரிக்கிறது. சப்ரஸ்ஹைட்ரேஷன்வார்னிங் என்ற பண்பை இட்டு அதை அடக்கிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கைக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு: சர்வர் யூடிசி நேரத்திலும் உலாவி பயனரின் நேர மண்டலத்திலும் தேதியை வடிவமைத்திருக்கலாம்; ஐடிக்காக மேத்.ரேண்டம் அழைக்கப்பட்டிருக்கலாம், அட்டவணையில் டிபாடியை எழுதாமல் விட்டதால் ஹெச்டிஎம்எல்லைப் படிக்கும் உலாவி தானே ஒன்றைச் செருகியிருக்கலாம். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, உள்ளடக்கம் ஒத்துப்போகாதபோது மிக அருகிலுள்ள சஸ்பென்ஸ் எல்லை (தரவுக்காகக் காத்திருக்கும் பகுதியைச் சுற்றியிடும் காம்பொனென்ட்) வரை சர்வரின் ஹெச்டிஎம்எல்லைக் கைவிட்டு, உலாவியிலேயே மறுபடி ரெண்டர் செய்யக்கூடும். அப்படியானால் சர்வரில் செய்த வேலை அந்தப் பகுதிக்கு வீண். ஐடிக்கு ரியாக்டின் யூஸ்ஐடி இருக்கிறது. தேதிக்கு நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் போதும்.

ஸ்கிரிப்ட் குறிக்குள் தரவு

சர்வர் உலாவிக்கு அனுப்பும் தொடக்க நிலையை (ஸ்டோரில் உள்ள தரவை) ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை மூலம் உரையாக்கி, அப்படியே ஸ்கிரிப்ட் குறிக்குள் வைக்காதீர்கள். அது '<' என்ற குறியைத் தொடுவதில்லை. ஒரு பயனர் தம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட்டை மூடும் குறியை எழுதி, அதன் பின் தாம் விரும்பும் நிரலைச் சேர்த்தால், அந்தப் பெயரைப் பார்க்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் அது ஓடும். அந்தக் குறியை யூனிகோட் எஸ்கேப் வடிவத்துக்கு மாற்றிய பிறகே எழுதுங்கள்.

செட்அப்பில் டைமர்

வியூவில் அன்மவுண்ட் (காம்பொனென்ட் அகற்றப்படும் கட்டம்) சர்வரில் நடப்பதே இல்லை; காம்பொனென்ட்டைத் தயார் செய்யும் செட்அப்பில் தொடங்கிய டைமரை அங்கே நிறுத்த இடமில்லை. டைமரை, உலாவியில் மட்டும் ஓடும் ஆன்மவுண்டடில் தொடங்குங்கள்.

கால வரம்பு இல்லாத ஏபிஐ அழைப்பு

உலாவியில் ஓர் ஏபிஐ தாமதமானால் ஒரு பெட்டி மட்டும் காலியாக நிற்கும், மற்றவற்றைப் பயனர் படித்துக்கொண்டிருப்பார். சர்வரில் அதே அழைப்புக்காகக் காத்திருந்து மொத்தமாக ரெண்டர் செய்தால், பக்கம் முழுவதும் நிற்கும். காத்திருக்கும் கோரிக்கைகள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கால வரம்பு வையுங்கள். வரம்பு கடந்தால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்; விடுபட்டதை உலாவி பிறகு கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.