மாடிஃபை செய்த காரில் செக் எஞ்சின் லைட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக் குழாய்) மாற்றிப் போட்டால் லைட் வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் நிறைய. அதோடு கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எடுத்துவிட்டால் பி0420 என்ற கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வருவது உண்மைதான். பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகை சுத்தமாகவில்லை என்கிறது, அது சரியாகவே சொல்கிறது. சிக்கல் வேறு இடத்தில். லைட் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தால், நாளைக்குப் புதிதாக ஒரு கோடு விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அப்படி ஓட்டுவதாக இருந்தால் வாரம் ஒருமுறையாவது ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும். (கன்வர்ட்டரை எடுப்பது சட்டப்படியும் தவறு, அது தனிக்கதை.)

லைட் விட்டுவிட்டு மின்னினால் யோசிக்கவே வேண்டாம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

அடுத்த தவறு, பேட்டரி டெர்மினலைக் கழற்றி லைட்டை அணைப்பது. கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம், கூலண்ட் சூடு, லோடு, ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்த திருத்தம்) எல்லாவற்றையும் இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பதிந்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதுதான். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும், மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதுதான். சாதாரண புளூடூத் ஸ்கேனரே பல கார்களில் இதைக் காட்டும். முதலில் ஸ்க்ரீன்ஷாட், அப்புறம்தான் அழிப்பது.

அதிகம் பணம் வீணாவது பி0171-இல். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதுதான் இந்தக் கோடு. பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சென்சார் உண்மையைச் சொன்ன சாட்சி. மாடிஃபை செய்த காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கடைசியாக யார் எதைக் கழற்றி மாட்டினார்கள் என்பதைத்தான்.

எம்ஏஎஃப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) உள்ள கார் என்றால் இன்டேக்கிலிருந்து, அதாவது காற்று உள்ளே போகும் பைப்பிலிருந்து தொடங்குங்கள். கம்பெனி பைப்பின் அகலத்தை வைத்துத்தான் இசியூ காற்றைக் கணக்கிடுகிறது. சென்சார் இருக்கும் இடத்தில் அகலமான பைப் போட்டால் காற்றின் வேகம் குறையும், ரீடிங் குறையும், பெட்ரோலும் குறைவாகப் போகும். ரீமேப்பில் (இசியூ சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவதில்) இதைச் சரிசெய்யாவிட்டால் லைட் வந்தே தீரும். எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அதே வேலையைச் செய்யும். துடைக்க எம்ஏஎஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும்தான், கார்ப் கிளீனர் வேண்டாம். கிளாம்ப் தளர்ந்து சென்சாரைத் தாண்டிக் காற்று உள்ளே புகுந்தாலும் இதே கோடுதான். சைலன்சர் வேலையில் முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால், வெளிக்காற்று கலந்து சென்சாரே ஏமாறும்.

இவற்றைப் பிரித்தறிய ஃப்யூயல் ட்ரிம் போதும். ஐடிலில் +20 சதவீதம் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் +5-க்கு இறங்கினால் வேக்கம் லீக் (அளக்கப்படாத காற்று உள்ளே கசிவது) பக்கம் போங்கள். ஐடிலில் நன்றாக இருந்து லோடு ஏற ஏறக் கூடினால் எம்ஏஎஃப் ரீடிங்கையோ பெட்ரோல் பிரஷரையோ பாருங்கள். லீக் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு ஹோஸாகக் கையால் தடவுவதைவிட ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) சுலபம். எம்ஏஎஃப் இல்லாமல் மேப் சென்சார் (இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள கார்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வேக்கம் லீக் இருந்தால் பெரும்பாலும் ஐடில் ஏறி நிற்கும்.

ரீமேப்புக்குப் பிறகு ஃபுல் த்ராட்டிலில் மட்டும் மிஸ்ஃபயர் வந்தால், நான்கு காயிலையும் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) ஒரேயடியாக வாங்காதீர்கள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் பிளக்கில் பொறி தாண்டுவது கடினமாகும். 0.8 மில்லிமீட்டர் கேப்பை டியூனர்கள் 0.7 அல்லது 0.6-க்குக் குறைப்பது அதனால்தான். கேப் சரியாக இருந்தால் இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டுங்கள். பி0302 (இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்) போய் பி0303 (மூன்றாவது) வந்தால் காயில்தான். செலவு ஒரு ரூபாய் இல்லை.

நம்மூரில் அதிகம் நடக்கும் மாற்றம் டர்போ அல்ல, கேஸ் கிட் (சிஎன்ஜி அல்லது எல்பிஜியில் ஓட வைப்பது). அதன் டியூனிங் சரியில்லை என்றால், கேஸில் ஓடும்போது இசியூ கற்றுக்கொண்ட ட்ரிம் பெட்ரோலுக்கு மாற்றிய பிறகும் நிற்கும், கோடு பெட்ரோலில் விழும். இன்ஜெக்டரைக் குறை சொல்லும் முன், லைட் வந்தபோது எதில் ஓடியது, அதற்கு முன் எதில் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரீமேப்பில் எந்தெந்தக் கோடுகள் அணைக்கப்பட்டன என்று டியூனரிடம் எழுதி வாங்குங்கள். பி0420-ஐ அணைக்கச் சொன்னால் மிஸ்ஃபயர் கோடையும் சேர்த்து அணைப்பவர்கள் உண்டு. லைட் வராது, எஞ்சின்தான் போகும். வாரண்டிக்குப் பயந்து சர்வீஸ் சென்டரில் ரீமேப்பை மறைப்பதும் வேண்டாம். அவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் மேப் (ரீமேப் செய்த சாஃப்ட்வேர்) அழிந்துவிடலாம். பெரிய இன்ஜெக்டரும் கம்பெனி மேப்பும் சேர்ந்தால் அடுத்த நாளே வேறொரு கோடு.

எல்லாம் பார்த்தும் அதே கோடு திரும்பத் திரும்ப வந்தால், கம்பெனி பாகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு முறையும் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பைப், ஃபில்டர் பாக்ஸ் போன்றவற்றைத் தொடும் முன்னால் டியூனரிடம் கேளுங்கள், பழைய பாகத்துக்குப் பொருந்தும் மேப் வேண்டியிருக்கலாம். இதற்காகவாவது பழைய ஏர்பாக்ஸை ஓஎல்எக்ஸில் விற்றுவிடாதீர்கள்.