பெயர் தெரியாத பூச்சிக்கொல்லி நஞ்சை நோயாளியின் உடலிலிருந்து இனங்காணல்

வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ வாங்கிய மருந்தை லேபல் இல்லாத சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால், அதைக் குடித்து மயங்கியவரைப் பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் உறவினர்களால் அதன் பெயரைச் சொல்ல முடியாது. பெயர் தெரியும்வரை சிகிச்சையைத் தாமதிக்கவே கூடாது. சுவாசப் பாதையைச் சீராக்கி ஒட்சிசன் கொடுத்தவாறே கண்மணி, வியர்வை, நாடித்துடிப்பு, குருதியமுக்கம், நுரையீரல் ஒலி ஆகியவற்றைப் பாருங்கள்.

கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கி, அக்குள் நனைந்து, வாயில் எச்சில் வழிந்து, நெஞ்சில் கரகரப்புக் கேட்டு, நாடி மெதுவாகத் துடித்தால், ஓர்கனோபொஸ்பேற்று அல்லது கார்பமேற்று எனும் பூச்சிக்கொல்லி வகைகளின் நஞ்சென்றே கொள்ள வேண்டும். தசைகள் ஆங்காங்கே துடிப்பது இந்த முடிவை மேலும் வலுப்படுத்தும். சில நோயாளிகளில் நாடி விரைந்தும் கண்மணி விரிந்தும் இருக்கலாம் என்பதால், ஓர் அறிகுறி பொருந்தவில்லை என்று இந்நஞ்சை ஒதுக்கிவிட வேண்டாம். என் கருத்தில் மிகவும் நம்பத்தக்க தடயம் ஈரமே: ஓபியம் வகை மருந்துகளும் கண்மணியைச் சுருக்கி மூச்சைத் தணிக்கும், ஆனால் இவ்வாறு வியர்வையையும் எச்சிலையும் பெருக்குவதில்லை. ஈரமின்றி வலிப்பு முன்நின்றால், இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பான் போன்ற, ஓர்கனோகுளோரின் எனும் வேறொரு பூச்சிக்கொல்லி வகையையும் நினைக்க வேண்டும். சில ஓர்கனோபொஸ்பேற்றுகளில் வீசும் பூண்டு மணத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஐயம் நீடித்தால், வளர்ந்தவருக்கு 0.6 முதல் 1 மில்லிகிராம் அத்திரோப்பீனை (இந்நஞ்சுகளுக்கான முறிமருந்து) நாளத்தினூடாகக் கொடுத்துப் பாருங்கள். நாடி விரையாமலும் கண்மணி விரியாமலும் வாய் உலராமலும் இருந்தால் ஓர்கனோபொஸ்பேற்று அல்லது கார்பமேற்று நஞ்சுக்கான சாத்தியம் கூடுகிறது. அறிகுறிகள் தெளிவாக இருப்பவரில் இந்தச் சோதனையில் நேரத்தை இழக்காமல், 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, பலன் தெரியாவிடின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்து, நெஞ்சு தெளிந்து, நாடி 80ஐக் கடந்து, அக்குள் உலரும்வரை கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் கரகரப்பு எஞ்சினால், அது வாந்தி நுரையீரலுக்குள் சென்றதால் இருக்கலாம். அதற்கு அத்திரோப்பீனைக் கூட்டிப் பயனில்லை.

இந்நஞ்சுகள் முடக்கும் நொதியமான கொலினெஸ்டரேசின் பரிசோதனைக்குக் குருதியை அனுப்புங்கள், முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். ஓர்கனோபொஸ்பேற்றையும் கார்பமேற்றையும் கட்டிலருகே பிரித்தறிவது அரிது. பழி சொல்லாமல் கேட்டால் குடும்பத்தினர் போத்தலைத் தேடி எடுத்து வருவார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்திடமும் ஆலோசனை பெறலாம்.

நெஞ்சு தெளிந்தபின்னும், நஞ்சு உட்சென்று 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் சுவாசத் தசைகள் தளரக்கூடும். தலையணையிலிருந்து தலையை உயர்த்தும்படி நோயாளியிடம் அடிக்கடி கேளுங்கள். முடியாமற்போனால், மூச்சு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், செயற்கைச் சுவாச வசதியுள்ள வைத்தியசாலைக்கு உடனே மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.